பச்சை எங்கே போகிறது

வகுப்பெடுக்க எனக்குத் தெரியாது.
மில்வாக்கி மாநகராட்சியில் பாதாளச் சாக்கடை மூடி திறப்பவன்.
இருபத்திரண்டு வருடம் தெருவுக்குக் கீழே.
ஒலெஸ்கா டீச்சர் விடாமல் கேட்டதால்
ஐந்தாம் வகுப்பு வாசலில்
ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று நிற்கிறேன்.

முதலில் காகிதம்.
"கசக்குங்கள், கிழித்துவிடாதீர்கள்."
இருபத்தாறு தாள்கள் நொறுங்கும் ஓசை,
உறைபனி மேல் கூட்டமாக நடப்பது போல.
பாதி விரித்தால் மலை; மடிப்பெல்லாம் பள்ளம்.
மேட்டு விளிம்புகளில் கரையும் நீல மை.
"இப்போது உங்கள் வீட்டை எங்காவது வரையுங்கள்."
தேவோன்டே உச்சியில் வரைந்தான், கொடியோடு.
இட்செல் சரிவில், பக்கத்தில் ஒரு நாய்.
பா நியா மட்டும் அடிப்பள்ளத்தில்.
"எங்கள் வீடு அங்கேதான் இருக்கிறது.
போன ஜூலையில் பேஸ்மென்டில்
அண்ணனின் கிட்டார் மிதந்தது."
யாரும் சிரிக்கவில்லை.

தெளிப்பானை அழுத்தினோம். மழை.
நீலம் மேட்டை விட்டு இறங்கி
மடிப்புக்கு மடிப்பு கைமாறி
அவள் கதவில் போய் நின்றது.
உச்சி வீடு நனைந்ததோடு சரி;
அங்கே எதுவும் தங்கவில்லை.
தேவோன்டே ரப்பர் எடுத்துத் தன் கொடியை அழித்தான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

மண்ணுக்குக் கோகோ தூள்,
கார் ஒழுக்குக்குச் சமையல் எண்ணெய்,
நாய் விட்டுப்போனதற்குக் கலர் மிட்டாய்த் தூள்.
மூன்றாவதைச் சொன்னதும்தான் வகுப்பு என் கைக்கு வந்தது.
எல்லாருக்கும் அதைத்தான் தூவ வேண்டும்.
லூசியான் கொஞ்சம் தின்றும் விட்டான்.

பிறகு வெளியே.
கார் நிறுத்தத்தின் மூலையில் இரும்புக் கிராதி.
வரைபடத்தை பானட் மேல் விரித்தேன்.
"இதில் விழும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது."
"எப்படித் தெரியும்?" பா நியா.
"இதோ, வரைந்திருக்கிறதே."
"வரைந்தவர் உள்ளே போய்ப் பார்த்தாரா?"

இத்தனை வருடத்தில் எந்த மேலதிகாரியும்
கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை.
ஆபீஸுக்கு ஒரு போன் போட்டேன்.
வண்டியில் சாய டப்பா இருந்தது,
மீனுக்குக் கெடுதல் செய்யாத வகை.
ஒரு கரண்டி. ஒரு வாளித் தண்ணீர்.
கிணற்றில் விழுந்த கிளி போல
கிராதிக்குள் மறைந்தது பச்சை.

காத்திருப்பதற்குப் பாடத்திட்டத்தில் பாடம் இல்லை.
ஷூ லேஸ் அவிழ்ந்தது, கட்டப்பட்டது, மறுபடி அவிழ்ந்தது.
"இது போரடிக்கிறது" என்று ஒரு குரல்;
"என் வேலையில் பாதி இதுதான்" என்றேன்.
பதினோராவது நிமிடம்
திடலுக்குப் பின்னாலிருந்த ஓடைப் பக்கம்
இட்செலின் சத்தம். சொல்லே இல்லை, வெறும் கூச்சல்.

ஓடினோம். பூட்ஸோடு நான் கடைசி.
புதருக்குள்ளே, என் தாளில் இல்லாத ஒரு குழாயின் வாய்.
அதிலிருந்து பச்சை,
இரண்டு வாத்துகளைச் சுற்றிக்கொண்டு,
மிச்சிகன் ஏரியின் திசையில்,
அவசரமே இல்லாமல்.

வேலியோரம் எல்வுட் வந்து நின்றார்.
பள்ளித் தாழ்வாரங்களைத் துடைப்பவர்.
ஒரு கையில் மாப், மறு கையில்
சாம்பல் நுரை தளும்பும் வாளி.
தினம் இரண்டு வாளி, ஒன்பது வருடம்,
அந்தக் கிராதியில்தான் ஊற்றினார்.
ஊற்றச் சொன்னதும் எங்கள் ஆட்கள்தான்.
பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் அவர் உதடுகளைப் பார்த்தேன்:
பெருக்கிக்கொண்டிருந்தன.

பா நியா என் வரைபடத்தைக் கேட்டாள்.
முழங்காலில் வைத்து, பச்சைப் பென்சிலால்
கிராதியிலிருந்து ஓடை வரை
ஒரு கோணல் கோடு இழுத்தாள்.
"கையெழுத்துப் போடணுமா?"
போடு என்றேன். தேதியும் போட்டாள்.

அந்தத் தாளில் இப்போதும் கோகோ வாசம்.
இஞ்சினியர் இரண்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டார்;
இன்னும் திருப்பித் தரவில்லை
என்று எழுத நினைத்தேன், தந்துவிட்டார்,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

அன்று மணி அடித்தபோது
எல்வுட் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு
கார் நிறுத்தத்தைத் தாண்டி, படியேறி,
நீளத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருக்கும்
தொட்டிக்கு நடந்தார்.
பாதி வழியில் கை மாற்றினார்.
ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.